கணினி கேள்வி – பதில்: பிரிண்டர் டிரைவரும் அட்மின் பாஸ்வேர்டும்

அலுவலகக் கணினியில் பிரிண்டரைச் சேர்க்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது என்ற கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைத் தனி ஆளாகக் கவனித்து வருகிறேன். 60 கணினிகள், ஒரு விண்டோஸ் சர்வர், ஒன்பது மாடல்களில் பிரிண்டர்கள் இருக்கின்றன. ஊழியர் எவருக்கும் அட்மின் உரிமை கிடையாது. முன்பெல்லாம் சர்வரில் பகிர்ந்துள்ள பிரிண்டரை இருமுறை சொடுக்கினால் டிரைவர் தானாக இறங்கி வேலை செய்யத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளாக, ‘இந்தப் பிரிண்டரை நம்புகிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. ஷிப்மென்ட் நாளில் பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியாமல் நின்றுபோனால், முதலாளி ‘எல்லோருக்கும் அட்மின் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார். அட்மின் அல்லாதவர்களே டிரைவரை இறக்கி நிறுவிக்கொள்ள அனுமதிக்க வழி உண்டா?
— வாசகர், திருப்பூர்

பதில்: வழி உண்டு. ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு என்பதால், முதலில் இடையில் என்ன மாறியது என்று பார்த்துவிடுவோம்.

விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்திப் பிரிண்டருக்கு அனுப்புவது ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்ற சேவை. அது எந்த ஊழியரின் கணக்கிலும் ஓடுவதில்லை. அட்மினுக்கும் மேலான அதிகாரம் கொண்ட ‘சிஸ்டம்’ கணக்கில், கணினியைப் போட்டது முதல் அணைக்கும் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் டிரைவர் என்று நாம் சொல்வது, இந்த ஸ்பூலர் தன்னுள் ஏற்றிக்கொண்டு இயக்கும் சில நிரல் கோப்புகளைத்தான். ஆகவே, டிரைவர் நிறுவும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர் தாம் விரும்பிய நிரலைச் சிஸ்டம் கணக்கின் அதிகாரத்தோடு ஓடவைத்துவிட முடியும். உங்கள் ஊழியர் பழைய முறையில் சர்வரிலிருந்து டிரைவரை இறக்கிக்கொண்டதற்கு ‘பாயின்ட் அண்ட் பிரிண்ட்’ என்று பெயர். சர்வர் கொடுப்பதைக் கணினி கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். வாசலில் பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போகிறவரிடம் பீரோ சாவியையும் கொடுத்து வைத்திருந்ததைப் போன்ற ஏற்பாடு அது.

ஸ்பூலரின் பலவீனம் புதிதும் அன்று. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற கணினிப் புழு பரவுவதற்குப் பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்று இதே ஸ்பூலரில்தான் இருந்தது. 2021 ஜூன் 8 அன்று மைக்ரோசாஃப்ட் ஸ்பூலரில் ஓர் ஓட்டையை அடைத்தது. அடைக்கப்பட்டதும் தாங்கள் கண்டறிந்ததும் ஒன்றே என்று நம்பிய ஆய்வாளர்கள் சிலர், ஓட்டையைப் பயன்படுத்திக் காட்டும் தங்கள் மாதிரி நிரலை அந்த மாத இறுதியில் வெளியிட்டார்கள்; ஆனால் அது இன்னும் அடைக்கப்படாத வேறோர் ஓட்டை என்று பிறகே தெரிந்தது. ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்கு (அதிகாரபூர்வ எண் சிவிஇ-2021-34527) ஜூலை 6 அன்று அவசரத் திருத்தம் வந்தது. ஆதரவுக் காலம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த விண்டோஸ் 7-க்கும் அதைக் கொடுத்தார்கள் என்பதிலிருந்தே விஷயத்தின் தீவிரத்தைப் புரிந்துகொள்ளலாம். பிறகு ஆகஸ்ட் 10 அன்று வந்த அப்டேட், பாயின்ட் அண்ட் பிரிண்ட் வழியாக டிரைவரை நிறுவுவதும் புதுப்பிப்பதும் அட்மினுக்கு மட்டுமே உரியது என்று இயல்புநிலையையே மாற்றிவிட்டது. உங்கள் ஊழியர்களின் திரையில் நீலமும் மஞ்சளுமான கேடயப் படத்தோடு வந்து நிற்கும் கேள்வி அன்று முளைத்ததுதான்.

இனி தீர்வுக்கு வருவோம். உங்கள் ஊழியருக்குத் தேவைப்படுவது அச்சடித்த தாள். டிரைவர் நிறுவும் உரிமை அன்று. டிரைவர் முன்கூட்டியே அந்தக் கணினியில் இருந்துவிட்டால், பிரிண்டரைச் சேர்ப்பதற்கு அட்மின் தேவையில்லை. நிறுவல் என்பது உண்மையில் இரண்டு படிகள்: டிரைவர் கோப்புகளைக் கணினியின் ‘டிரைவர் ஸ்டோர்’ என்ற கிடங்கில் சேர்ப்பது முதல் படி, கிடங்கில் இருப்பதை எடுத்து ஒரு பிரிண்டரோடு இணைப்பது இரண்டாம் படி. முதல் படிக்கு மட்டுமே அட்மின் வேண்டும். அதை நீங்கள் ஒருமுறை, 60 கணினிகளிலும், யாருடைய மேசைக்கும் போகாமல் செய்துவிடலாம்.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரிண்டர் நிறுவனத்தின் தளத்தில் இறக்கும் பெரிய செட்டப் கோப்பை அப்படியே ஓடவிடாதீர்கள். அதில் டிரைவரோடு ஸ்கேன் செயலி, டோனர் குறைந்தால் கூவும் செயலி, பதிவுசெய்யச் சொல்லும் செயலி எல்லாம் சேர்ந்து வரும். உங்களுக்குத் தேவை அவற்றுள் புதைந்திருக்கும், டிரைவரை நிறுவும் விதத்தை விண்டோஸுக்குச் சொல்லும் ‘ஐஎன்எஃப்’ கோப்பும் அதன் துணைக் கோப்புகளும் மட்டுமே. பல நிறுவனங்கள் அவற்றைத் தனி ஜிப் கோப்பாகவும் தருகின்றன; தராவிட்டால் செட்டப் கோப்பை விரித்து எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புறையைச் சர்வரில், எல்லாக் கணினிகளும் படிக்க மட்டும் முடிகிற ஓரிடத்தில் வையுங்கள். பிறகு குரூப் பாலிசியில் (கணினிகளுக்கான விதிகளை நிர்வாகி வகுக்கும் விண்டோஸ் வசதி) கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை அமையுங்கள். அது ஊழியரின் கணக்கில் ஓடாமல் சிஸ்டம் கணக்கிலேயே ஓடுவதால் பாஸ்வேர்டு கேட்காது. ஸ்கிரிப்டில் இரண்டே வரிகள் போதும்: ‘பிஎன்பியுடில்’ கட்டளையால் ஐஎன்எஃப் கோப்பைக் கிடங்கில் சேர்ப்பது ஒன்று, பவர்ஷெல்லின் ‘ஆட்-பிரிண்டர்டிரைவர்’ கட்டளையால் ஸ்பூலருக்கு அந்த டிரைவரை அறிமுகப்படுத்துவது மற்றொன்று. இன்ட்யூன் போன்ற நிர்வாகச் சேவை இருந்தால் இதே வேலையை அதன் வழியாகவும் செய்யலாம்.

ஒன்பது மாடல்களுக்கு ஒன்பது டிரைவர் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். பெரிய பிரிண்டர் நிறுவனங்கள் பலவும் தங்கள் பெரும்பாலான மாடல்களுக்குப் பொதுவான ‘யுனிவர்சல்’ டிரைவரைத் தருகின்றன. ஒன்பது மாடல்கள் மூன்று நிறுவனங்களுடையவை என்றால் வேலை மூன்று டிரைவரோடு முடிந்துவிடக்கூடும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊழியர் சர்வரிலுள்ள பிரிண்டரைச் சொடுக்கும்போது, கணினி தன்னிடமுள்ள டிரைவரையும் சர்வரிலுள்ள டிரைவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால் பேசாமல் இணைத்துவிடும். சர்வரில் இருப்பது புதிதாக இருந்தால் மறுபடியும் கேடயம் வந்து நிற்கும். எனவே டிரைவரைப் புதுப்பிக்கும்போது முதலில் 60 கணினிகளையும், கடைசியில் சர்வரையும் புதுப்பிக்க வேண்டும். வழக்கமாக நாம் செய்வது இதற்கு நேர்மாறு. சர்வரில் வெள்ளிக்கிழமை மாலை டிரைவரைப் புதுப்பித்துவிட்டு வீட்டுக்குப் போன அன்பர் ஒருவர், திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் தம்மை அழைத்ததை என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

பிரிண்டரைச் சேர்க்கும் வேலையைக்கூட ஊழியருக்கு விட வேண்டியதில்லை. குரூப் பாலிசியில் பிரிண்டர் இணைப்பைப் பயனர் பக்கத்தில் அமைக்காமல் கணினி பக்கத்தில் அமைத்துவிட்டால், அந்தக் கணினியில் யார் நுழைந்தாலும் பிரிண்டர் தயாராக இருக்கும். பேக்கிங் பிரிவில் ஷிஃப்டுக்கு ஒருவர் உட்காரும் கணினிகளுக்கு இதுவே பொருத்தம். எல்லாவற்றையும் செய்து முடித்தபின், அட்மின் உரிமை இல்லாத ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து பார்த்துவிடுங்கள். அட்மின் கணக்கில் சோதித்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று சொல்வதில் பொருளில்லை.

முதலாளியிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: எல்லோரும் அட்மின் என்றால், மெயிலில் வந்த போலி இன்வாய்ஸைத் திறக்கும் ஓர் ஊழியரின் தவறு, அந்தக் கணினியின் ஆன்ட்டிவைரஸை நிறுத்தவும் அதில் சேமித்துள்ள மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டுகளைத் துழாவவும் போதுமானதாகிவிடும். நான் ஒருமுறை சென்றிருந்த அலுவலகம் ஒன்றில், பிரிண்டரின் பேப்பர் டிரேயை இழுத்தால் உட்புறம் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது; அதில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான அட்மின் பாஸ்வேர்டு, அழகான கையெழுத்தில். அதை ஒட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று மாடி ஏறி இறங்கினால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அவசரத்துக்கு அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும் என்றால், 2023 ஏப்ரல் முதல் விண்டோஸோடு சேர்ந்தே வரும் ‘லேப்ஸ்’ வசதியை அமைத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை வைத்திருக்கும். பயன்படுத்திய சில மணி நேரத்தில் அது தானாக மாறிவிடும்படியும் செய்யலாம். போனில் சொன்ன பாஸ்வேர்டு மறுநாள் செல்லாது.

கேள்வி: இணையத்தில் தேடியதில், ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0 என்று மாற்றினால் போதும் என்று போட்டிருந்தது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாற்றினேன். உடனே எல்லாம் பழையபடி வேலை செய்கிறது. இதில் என்ன தவறு?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். அதில் நீங்கள் மாற்றியது ‘பிரிண்டர் டிரைவர் நிறுவலை அட்மின்களுக்கு மட்டும் உரியதாக்கு’ என்ற கட்டுப்பாட்டை. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன 2021 ஆகஸ்ட் மாற்றத்தின் அடிப்படையே அந்த மதிப்புதான். அதை 0 ஆக்குவது, அந்த அப்டேட்டின் அப்பகுதியை உங்கள் கையால் கழற்றி வைப்பதற்குச் சமம். வேலை செய்வதில் வியப்பில்லை.

பலர் இதோடு சேர்த்து, நம்பகமான பிரின்ட் சர்வர்களின் பட்டியலைக் குரூப் பாலிசியில் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்தப் பட்டியல் பயனுள்ளதே. 0 ஆக்கித்தான் தீர வேண்டும் என்பவர்கள் அதைக் கட்டாயம் அமைக்க வேண்டும். ஆனால் எத்தனை மாற்று ஏற்பாடுகளைச் சேர்த்தாலும் அவை அந்த மதிப்பை 1 ஆக வைத்திருப்பதற்கு ஈடாகாது என்று மைக்ரோசாஃப்டே தன் குறிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில், கைவரிசை காட்டிப் பார்க்க ஆர்வமுள்ள இருபது வயதுக்காரர்கள் நிறைந்த நெட்வொர்க்கில், இந்தக் கதவைத் திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிஜிட்டல் கையொப்பமிட்ட அசல் டிரைவரைத்தானே நிறுவுகிறார்கள், அதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அசல் டிரைவரிலும் ஓட்டை இருக்கும். எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் பிரிண்டர்களின் டிரைவர்களோடு 2005 முதல் வந்துகொண்டிருந்த ஒரு கோப்பில், சாதாரணப் பயனரும் உச்ச அதிகாரத்தை அடைய இடம் தரும் பிழை இருந்தது. அது வெளியுலகுக்குத் தெரிந்தது 2021 ஜூலையில். பதினாறு ஆண்டுகள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், தாக்குபவர் பிழையுள்ள பழைய அசல் டிரைவர் ஒன்றைத் தாமே கொண்டுவந்து நிறுவி, அதன் பிழை வழியாகவே சிஸ்டம் அதிகாரத்தைப் பிடிக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவர் செய்து காட்டினார். தாக்குபவர் கள்ளச் சாவி செய்ய வேண்டியதில்லை. பழைய பூட்டு ஒன்றைத் தானே கொண்டுவந்து உங்கள் கதவில் மாட்டிவிட்டால் போதும். எந்த டிரைவர் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்றையும் உங்கள் கடிதத்தில் பார்த்தேன். ஆய்வக உதவியாளர்களை ‘பிரிண்ட் ஆபரேட்டர்ஸ்’ குழுவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்தால் இதற்கென்றே உண்டாக்கியதைப் போல இருக்கும், வேண்டவே வேண்டாம். அந்தக் குழுவின் அதிகாரம் ஆய்வகக் கணினிகளில் செல்லாது. அது டொமைன் கன்ட்ரோலரில், அதாவது உங்கள் வலையமைப்பின் இதயமான சர்வரில், நுழையவும் டிரைவர்களை ஏற்றவும் உரிமை தருகிறது. கேட்ட இடத்தில் உதவாமல், கேட்காத இடத்தில் கதவைத் திறக்கும் குழு அது. டொமைன் கன்ட்ரோலரில் பிரிண்டர் எதையும் பகிரவில்லை என்றால் அங்கே ஸ்பூலர் சேவையையே நிறுத்தி வைப்பது நல்லது.

கேள்வி: எங்களுடையது ஆறு கணினிகள் உள்ள சிறிய ஆடிட்டர் அலுவலகம். சர்வர், டொமைன் எதுவும் இல்லை. டேலியிலிருந்து பில் எடுக்க யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. அதை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கணினியில் செருகுகிறார்கள். செருகும்போதெல்லாம் டிரைவர் கேட்கிறது, அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. சில நேரம் அதே பிரிண்டர் பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று ஒட்டிக்கொண்டு இன்னொன்று முளைக்கிறது.
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வேலை திருப்பூர் வாசகருடையதைவிட எளிது. ஆறு கணினிகளிலும் ஒருமுறை நீங்களே அட்மினாக நுழைந்து, டிரைவரைக் கிடங்கில் சேர்த்துவிடுங்கள். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிஎன்பியுடில் கட்டளையோடு ஐஎன்எஃப் கோப்பின் இடத்தைக் கொடுத்தால் போதும். பிரிண்டரைச் செருகியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. கிடங்கில் டிரைவர் இருக்கும் கணினியில் யூஎஸ்பி பிரிண்டரைச் செருகினால், செருகியவர் அட்மினா இல்லையா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. தானே எடுத்து இணைத்துக்கொள்ளும். நெட்வொர்க் வழியாக வரும் டிரைவரைச் சந்தேகிக்கும் விண்டோஸ், தன் கிடங்கில் ஏற்கெனவே இருப்பதைச் சந்தேகிப்பதில்லை.

‘காப்பி 1’ முளைப்பதற்குக் காரணம் வேறு. தனக்கென்று தொடர் எண்ணைக் கணினியிடம் சொல்லாத யூஎஸ்பி பிரிண்டரை, விண்டோஸ் அது செருகப்பட்ட துளையை வைத்தே அடையாளம் காண்கிறது. முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றிச் செருகினால் அதற்கு அது புதிய பிரிண்டர். டேலியோ பழைய பெயரிலுள்ள பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும், பில் வராது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் சிறு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ‘சிவப்பில் மட்டும் செருகவும்’ என்ற ஒரு வாக்கியம் எந்த ரெஜிஸ்ட்ரி மாற்றத்தையும்விட அதிக வேலை செய்யும்.

விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. குரூப் பாலிசியில், கணினி அமைப்புகளின் கீழ் ‘சிஸ்டம்’ பிரிவில் ‘டிரைவர் இன்ஸ்டலேஷன்’ என்ற இடத்தில், குறிப்பிட்ட சாதன வகைகளுக்கு மட்டும் அட்மின் அல்லாதவர்கள் டிரைவர் நிறுவலாம் என்று அனுமதிக்கும் கொள்கை ஒன்று இருக்கிறது. பிரிண்டர் வகைக்குரிய நீண்ட அடையாள எண்ணை அதில் சேர்த்தால், முறையாகக் கையொப்பமிடப்பட்ட டிரைவர்களைச் சாதாரணப் பயனரும் நிறுவலாம். நீங்கள் எல்லோரும் கேட்கும் அனுமதி, சொல்லுக்குச் சொல், இதுதான். செருகி இணைக்கும் சாதனங்களுக்கு இது பயன்படும்; சர்வரிலிருந்து வரும் பிரிண்டருக்கு மேலே சொன்ன 2021-ஆம் ஆண்டுக் கட்டுப்பாடே மேலோங்கி நிற்கும். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசித் திரை இல்லாததால் அங்கே கிடங்கு வழியே வழி. ஆறு கணினிகளுக்கு இந்தக் கொள்கையைத் திறந்துவிடுவதைவிட அதுவே சுருக்கமானதும்கூட.

ஒரு முன்னெச்சரிக்கை: அந்த டிரைவர் கோப்பின் நகலை ஒரு பென் டிரைவிலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்தத் திட்டப்படி, விண்டோஸ் 11-க்குப் புதிய பிரிண்டர் டிரைவர்கள் அவ்வழியே வெளிவருவது 2026 ஜனவரி 15 முதல் நிற்கும். 2027 ஜூலை 1 முதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டுமே இடமுண்டு. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் செட்டப் கோப்பைத் தருவதற்குத் தடையில்லை. ஆனால் செட்டப் கோப்புக்கு அட்மின் வேண்டும் என்பதால், கரகரவென்று கார்பன் தாளில் அடிக்கும் பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாஸ்வேர்டுப் பிரச்சினை குறையப்போவதில்லை.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அலுவலக லேப்டாப்பில் வீட்டு பிரிண்டரைச் சேர்க்க, டிரைவரை இறக்கி ஓடவிட்டால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அலுவலகத்தில் கேட்டால், தனிப்பட்ட பிரிண்டருக்கு உதவ முடியாது என்கிறார்கள்.
— வாசகர், சென்னை

பதில்: அலுவலகத்தில் சொன்னது கறாராகத் தோன்றினாலும் தவறில்லை. ஆனால் உங்களுக்கு டிரைவரே தேவைப்படாமல் இருக்கலாம். அண்மைக் காலத்தில் வந்த வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் ‘மோப்ரியா’ அல்லது ‘ஏர்பிரின்ட்’ முத்திரையோடு வருகின்றன; தனி டிரைவர் இல்லாமலேயே அச்சிட முடியும் என்பதற்கான அடையாளங்கள் அவை. பிரிண்டரின் அட்டைப் பெட்டியிலோ கையேட்டிலோ முதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விண்டோஸ் 10-இன் 21எச்2 பதிப்பு முதல் அதற்குள்ளேயே இருக்கும் ‘ஐபிபி’ பொது டிரைவர் அந்தப் பிரிண்டரோடு பேசிக்கொள்ளும். செட்டிங்ஸில் பிரிண்டர் பகுதிக்குப் போய், தேடல் பட்டியலில் வரும் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் செட்டப் கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

செட்டப் கோப்பைத் தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிரிண்டர் மாடலின் பெயரோடு ‘டிரைவர் டவுன்லோட்’ என்று சேர்த்துத் தேடினால், முதல் சில முடிவுகளில் அந்த நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாத தளங்களும் விளம்பரங்களும் கலந்து வருகின்றன. சில இடங்களில் டிரைவருக்குப் பதிலாக வேண்டாத செயலிகள் இறங்கும். சில இடங்களில் ‘பிழை ஏற்பட்டுள்ளது, இந்த எண்ணை அழைக்கவும்’ என்று வரும், அழைத்தால் எதிர்முனையில் உங்கள் கணினியைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கத் துடிக்கும் ஒருவர் இருப்பார். அட்மின் பாஸ்வேர்டு கேட்டுக் கணினி உங்களைத் தடுத்தது அப்படிப்பட்ட ஒரு கோப்பிடமிருந்தும் இருக்கலாம். முத்திரை இல்லாத பழைய பிரிண்டர் என்றால், பிடிஎஃப் ஆகச் சேமித்து, அலுவலகம் அனுமதிக்கும் வழியில் உங்கள் சொந்தக் கணினிக்கு அனுப்பி அச்சிடுவதே எளிது.

உங்கள் அலுவலக நிர்வாகிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ‘புரொடெக்டட் பிரின்ட்’ என்ற நிலை வந்திருக்கிறது. அதை இயக்கினால் பிற நிறுவனங்களின் டிரைவர் எதுவும் ஏறாது. மோப்ரியா பிரிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். அலுவலகத்தில் எல்லாப் பிரிண்டரும் புதியவை என்றால், யாருக்கு உரிமை கொடுப்பது என்ற கேள்வியே அங்கே எழாது.

கேள்வி: பக்கத்து மேசைக் கணினியில் பகிர்ந்துள்ள பிரிண்டரைச் சேர்த்தால் ‘0x0000011b’ என்ற பிழை வருகிறது. அட்மினாக நுழைந்தாலும் அதே பிழைதான்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அட்மினுக்கும் அதே பிழை வருகிறது என்பதிலேயே விடை இருக்கிறது; இது டிரைவர் உரிமைப் பிரச்சினை அன்று. 2021 செப்டம்பர் அப்டேட் முதல், பிரிண்டரைப் பகிரும் கணினியும் அதை அணுகும் கணினியும் தங்களுக்கிடையிலான பேச்சை மறையாக்கம் செய்தாக வேண்டும், அதாவது பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றியாக வேண்டும். இரண்டில் ஒன்று நெடுநாளாக அப்டேட் ஆகாமல் இருந்தால் இந்தப் பிழை வரும். இரண்டையும் முழுமையாக அப்டேட் செய்துவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள். இதற்கும் ரெஜிஸ்ட்ரியில் 0 போடும் வைத்தியம் இணையத்தில் உலவுகிறது; அது மறையாக்கத்தையே நிறுத்திவிடும். பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருந்தால், பக்கத்து மேசைக் கணினியை நடுவில் வைக்காமல் நேராக இணைத்துக்கொள்ளுங்கள். அவர் விடுப்பில் போனாலும் உங்கள் அச்சு வேலை நிற்காது.

கேள்வி: எங்கள் அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவில் மேக் கணினிகள் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் உபுண்டு லினக்ஸ். அங்கும் பிரிண்டர் சேர்க்க அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அங்கே என்ன வழி?
— வாசகர், சிவகாசி

பதில்: இரண்டிலும் அச்சு வேலையைப் பார்ப்பது ‘கப்ஸ்’ என்ற ஒரே மென்பொருள் என்பதால் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிண்டர் நிர்வாகத்துக்கென்றே ‘எல்பிஅட்மின்’ என்ற குழு அங்கே தனியாக இருக்கிறது. மேக்கில் அதன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேரும். வடிவமைப்பாளர்களின் கணக்குகளை அதில் சேர்த்துவிட்டால், கணினியின் மற்ற அதிகாரம் எதுவும் இல்லாமலேயே பிரிண்டரைச் சேர்க்கவும் நீக்கவும் வரிசையை நிறுத்தவும் அவர்களால் முடியும். விண்டோஸில் இவ்வளவு சுத்தமான பிரிப்பு இல்லை என்பது என் பழைய மனக்குறை. நிறுவனத்தின் டிரைவர் தொகுப்பு வேண்டியிருந்தால் அதை மட்டும் அட்மின் ஒருமுறை நிறுவிவிட வேண்டும். வண்ணத் துல்லியம் பார்க்கும் உங்கள் தொழிலில் பொது டிரைவர் போதாமல் போகலாம்.

உபுண்டு கணினியை மட்டும் அப்டேட் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். நெட்வொர்க்கிலுள்ள பிரிண்டர்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கப்ஸின் துணைச் சேவையில் 2024 செப்டம்பரில் ஓட்டைகள் வெளிப்பட்டன. வெளியாள் ஒருவர் தம் போலிப் பிரிண்டரை உங்கள் பட்டியலில் நுழைத்து, நீங்கள் அதில் ஒரு பக்கத்தை அச்சிடும் கணத்தில் தம் கட்டளையை ஓடவைக்க அவை இடம் தந்தன. திருத்தம் வந்துவிட்டது, தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தத் துணைச் சேவையை நிறுத்திவிட்டு, பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்தே சேர்த்துக்கொள்ளலாம்.